ஓலையை நகர்த்தும் கை

எழுத்துமுறைகள் பலவும் நாட்டின் பெயராலோ அரசமரபின் பெயராலோ வரிவடிவின் தோற்றத்தாலோ அழைக்கப்பட, மிகச் சிலவற்றுக்கு மட்டும் குழந்தையின் முதல் பாடமே பெயராக வாய்த்திருக்கிறது. ஜாவா மொழியின் எழுத்துமுறை அத்தகையது. ஹ, ந, ச, ர, க என்று தொடங்கும் இருபது அடிப்படை எழுத்துகளில் முதல் ஐந்தைச் சேர்த்துச் சொன்னால் அதுவே அந்த எழுத்துமுறையின் பெயர்: ஹனசரக. கேரளத்தின் பழைய வட்டெழுத்துக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. எழுத்தறிவித்தலின் முதல் நாளில் 'நமோ நாராயணாய' என்னும் தொடரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்லி, நானம், மோனம் என்று ஆசான் ஓதுவித்த வழக்கத்தால் அந்த வரிவடிவத்துக்கே 'நானம்மோனம்' என்று பெயர் ஏற்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளின் முதல் ஏட்டுக்கு அரிச்சுவடி என்று பெயர் வந்ததும் 'அரி' என்று தொடங்கும் வணக்கத் தொடரைத் திண்ணைப்பள்ளியில் முதலில் ஓதியதால்தான் என்பர். கற்பிப்பவர் ஒருவரும் கற்பவர் ஒருவரும் இருந்தால்தான் எழுத்து உயிரோடிருக்கும் என்பதற்கு இந்தப் பெயர்களைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஜாவாவில் கற்பித்தல் தொடர்கிறது, கேரளத்தில் அது நின்றுபோயிற்று. இந்த வேறுபாட்டைப் பற்றி எண்ணிப் பார்ப்பதற்குத் திருவனந்தபுரத்தின் வடபுறத்திலுள்ள கழக்கூட்டம் மிகப் பொருத்தமான இடம். நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்று சொல்லப்படும் டெக்னோபார்க் 1990இல் அங்குதான் தோன்றியது. அதை ஒட்டியே, காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் அதனுள் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனமும் சுவடி நூலகமும் இருக்கின்றன. 1908இல் வடமொழிச் சுவடிகளைப் பதிப்பிக்கத் திருவிதாங்கூர் அரசு ஒரு துறையை நிறுவி, அதன் பொறுப்பில் கணபதி சாஸ்திரியை அமர்த்தியதில் தொடங்கிய மரபு இது. இன்று குமரி மாவட்டத்தில், பத்மநாபபுரத்தை அடுத்துள்ள மணலிக்கரையில் கிடைத்த ஓலைகளிலிருந்து பழைய வடமொழி நாடகாசிரியர் பாசனின் நாடகங்கள் என்று அவர் அடையாளம் கண்டவற்றை 1912 முதல் அச்சேற்றினார். அந்த வடமொழி நாடகங்கள் மலையாள எழுத்தில் எழுதப்பட்டிருந்தன என்பதை நினைத்துக்கொண்டால், எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாத இடத்தில் ஒரு மொழியின் இலக்கியமே இல்லாமல் போய்விடும் என்பது விளங்கும். இன்று அந்த நூலகத்தில் ஏறத்தாழ 65,000 படைப்புகள் ஓலையிலும் தாளிலும் இருக்கின்றன. கிரந்தம், மலையாளம், தமிழ், வட்டெழுத்து எனப் பல எழுத்துகள் அங்கே அடுக்கடுக்காக உறங்குகின்றன. கழக்கூட்டத்தை அடுத்த மேனங்குளத்தில், நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் தோற்றுவித்த திராவிட மொழியியற் பள்ளியும் இருக்கிறது. ஓலை, மொழியியல், மென்பொருள் ஆகிய மூன்றும் இவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கும் ஊரில், ஒரு குழந்தைக்கு வட்டெழுத்தின் முதல் எழுத்தைக் கற்றுத்தரும் பாடம் இதற்குள் உருவாகியிருக்க வேண்டும்.

வட்டெழுத்து தமிழருக்கு அயலானதன்று. தமிழி எனப்படும் தமிழ்ப் பிராமிப் பொறிப்புகளின் வளைகோடுகள் மெல்ல மெல்ல முதிர்ந்து உருவான இந்த எழுத்தில்தான் பாண்டிய நாட்டின் செப்பேடுகளில் தமிழ்ப்பகுதிகளும், தருமபுரிப் பகுதியின் நடுகற்கள் பலவும் எழுதப்பட்டன. பதினோராம் நூற்றாண்டில் சோழராட்சி பாண்டிய நாட்டில் ஊன்றிய பிறகு அங்கே தமிழெழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. மலைக்கு மேற்கே, சேர நாட்டில், அது பல நூற்றாண்டுகள் நீடித்து, வடக்கே கோலெழுத்தாகவும் தெற்கே மலையாண்மையாகவும் உருமாறி, திருவிதாங்கூரின் கணக்கோலைகளில் அண்மைக் காலம்வரை வாழ்ந்தது. வடமொழி ஒலிகளைக் குறிக்க அதில் வரிவடிவம் இல்லாததால், கிரந்தத்திலிருந்து பிறந்த இன்றைய மலையாள எழுத்து மெல்ல மேலெழுந்து அதை ஒதுக்கியது. ஆக, திருவனந்தபுரத்துப் பிள்ளை ஒன்று தன் பாட்டனுக்குப் பாட்டனின் நிலப்பத்திரத்தைக் கையில் எடுத்தால், மொழி ஓரளவு புரியக்கூடியதாக இருந்தும் எழுத்து அறவே புரியாமல் நிற்கிறது. குமரி மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளையின் நிலையும் இதுவே.

ஜாவாவின் கதை வேறு திசையில் சென்றது. ஐந்தாம் நூற்றாண்டில் மேற்கு ஜாவாவின் தாரும நாட்டு அரசன் பூர்ணவர்மனின் கல்வெட்டுகளில் காணப்படும், பல்லவ எழுத்து என்று பொதுவாகச் சொல்லப்படும் தென்னிந்திய வரிவடிவமே அங்கே காவி எழுத்தாக வளர்ந்து, இன்றைய ஜாவா எழுத்தாக முதிர்ந்தது. டச்சுக்காரர் ஆட்சியிலும் அதற்குப் பின்னும் லத்தீன் எழுத்து பள்ளியையும் அலுவலகத்தையும் செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டபோதிலும், நடு ஜாவா, யோக்யகர்த்தா, கிழக்கு ஜாவா ஆகிய பகுதிகளில் வட்டாரப் பாடம் என்ற பெயரில் ஜாவா மொழியும் அதன் எழுத்தும் தொடக்கப் பள்ளியிலேயே இடம்பெற்றன. வீட்டில் எங்குமே கண்ணில் படாத எழுத்தை வாரத்தில் சில மணிநேரத்துக்குள் கற்பிக்க வேண்டிய ஆசிரியர்கள் பல்லூடகப் பாடத்தைத் துணைக்கு அழைத்தனர். பல்லூடகம் என்பது எழுத்து, படம், ஒலி, அசைவு ஆகியவற்றை ஒரே திரையில் சேர்ப்பது. அதில் ஊடாட்டம் என்பது பிள்ளையின் தொடுதலுக்குத் திரை மறுமொழி சொல்வது. எழுத்தைத் தொட்டால் ஒலி வருகிறது, கோட்டின் மேல் விரலை ஓட்டினால் வண்ணம் நிரம்புகிறது, பொருத்தமான படத்தை இழுத்து வைத்தால் பாராட்டு கிடைக்கிறது. ஜாவா எழுத்துகளின் வரிசையே, இரு தூதர்கள் சண்டையிட்டு, சமவலிமையால் இருவரும் மாண்ட கதையை நான்கு அடிகளில் சொல்லும்படி அமைந்திருப்பதால், அதை அசைவுப்படமாக்குவதும் எளிதாயிற்று. அகரவரிசையே கதையாக இருப்பது எவ்வளவு பெரிய பேறு!

ஆனால் இருபது எழுத்துகளின் பெயரறிவதோடு வாசிப்பு வந்துவிடுவதில்லை. ஜாவா எழுத்தில் மெய்யெழுத்து ஒன்றைத் தொடர்ந்து மற்றொரு மெய் வந்தால், பின்னது தன் உருவை மாற்றிக்கொண்டு பெரும்பாலும் முன்னதன் அடியில் போய் அமர்கிறது. பசங்கன் எனப்படும் இந்த அடியுருவே முன்னெழுத்தின் அகரத்தை நீக்கிவிடுகிறது. தமிழில் ஒரு புள்ளி செய்யும் வேலையை அங்கே ஓர் எழுத்தே செய்கிறது. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். தொட்டால் ஒலிக்கும் அட்டை இருபது எழுத்தையும் ஒரு வாரத்தில் மனத்தில் பதித்துவிடும், ஆயினும் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தின் கீழே இறங்கும்போது என்ன நிகழ்கிறது என்பதைக் கையால் எழுதிப் பார்க்காத பிள்ளை, யோக்யகர்த்தாவின் தெருப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டுவதோடு நின்றுவிடுகிறது.

கையின் பங்கைப் பற்றிய ஐயம் இன்று பெருமளவு தீர்ந்துவிட்டது. மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளில் ஒரு பிரிவினரைக் கையால் எழுதவும் மற்றொரு பிரிவினரை விசைப்பலகையில் அழுத்தவும் பழக்கி, பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளுள் வயதில் மூத்தவர்களிடம் கையெழுத்துப் பயிற்சியே எழுத்தை அடையாளங்காணும் திறனை மிகுதியாக வளர்த்தது தெரியவந்தது. நிலத்தெழுத்தாசான் என்று கேரளம் அழைத்த கிராமத்து ஆசிரியர், பரப்பிய மணலில் பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அழுத்தி எழுதவைத்ததன் பொருள் இதுவே. விசயதசமியன்று அரிசியில் எழுதுவிக்கும் வித்யாரம்பச் சடங்கு அதன் நினைவாகவே இன்றும் கேரளத்தில் நிற்கிறது. தொடுதிரை வந்தபின் விரல் மீண்டும் எழுதுகோலாகியிருப்பது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால் மணல் விரலை எதிர்த்து நிற்கும், தோலை உராயும், பிழையான வளைவில் குவிந்து அதைக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடியோ எதையும் எதிர்ப்பதில்லை, எப்படி இழுத்தாலும் வழுக்கிக்கொண்டு போக விடுகிறது. இந்த எதிர்ப்பைத் திரைப் பாடத்தில் எப்படி மீட்பது என்பதுதான் மென்பொருள் எழுதுவோரின் உண்மையான சிக்கல்.

அதற்கான விடை ஓலையிடமே இருக்கிறது. ஓலையில் எழுதியவர்கள் இன்று தாளில் எழுதுவது போல எழுதவில்லை. வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றிய பனையோலையை இடக்கையில் பிடித்து, எழுத்தாணியின் முனையை இடக்கைக் கட்டைவிரலின் நகத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் சாய்த்து, எழுதுகையில் எழுத்தாணியை அசைத்ததைவிட ஓலையைத்தான் மிகுதியாக நகர்த்தினர். வலக்கை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க, எழுத்தின் வளைவு இடக்கையின் நகர்வில் பிறந்தது. வட்டெழுத்தின் வட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு, ஓலையின் நரம்போடு நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்ற விளக்கம் வழக்கமாகச் சொல்லப்படும். அதில் உண்மை இருந்தாலும், சுழலும் ஓலையின் அசைவை உணர்ந்தவருக்கு அந்த வட்டம் இன்னும் இயல்பாகப் புரியும். எழுத்து கற்பிக்கும் திரைப் பாடங்களில் பொதுவாகத் தாள் அசையாமல் நிற்க, கோடு மட்டும் ஓடுகிறது. வட்டெழுத்தைக் கற்பிக்கும் பாடத்தில் இது தலைகீழாக இருக்க வேண்டும்: முனை நிற்க, ஓலை நகர வேண்டும். பிள்ளையின் இடக்கை திரையிலுள்ள ஓலையை மெல்லத் தள்ள, வலக்கை விரல் ஓரிடத்தில் அழுந்தியிருக்க, எழுத்து அடியில் உருவாகட்டும். கைக்கணினியில் இதைச் செய்வது இன்று பெரிய வேலையன்று.

இன்னொன்றையும் ஓலை கற்றுத்தருகிறது. எழுத்தாணி கீறிய எழுத்து கீறியவுடன் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளிர்மஞ்சள் ஓலையில் நிறமற்ற கீறலாகக் கிடக்கும் அதன்மேல் விளக்குக் கரியையும் இலைச் சாற்றையும் பூசித் துடைத்தால், மேற்பரப்பு தூய்மையாகிக் கீறலுக்குள் மட்டும் கருமை நின்று எழுத்து எழும். மையாடுதல் என்று தமிழ் இதை அழைத்தது. எழுதிய பிள்ளை, தான் எழுதியதைப் பார்க்க ஒரு கணம் காத்திருக்க வேண்டியிருந்த அந்த இடைவெளியில், எழுத்தின் உருவம் கண்ணில் இருப்பதற்கு முன்பே கையில் இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் உடனுக்குடன் வண்ணமும் மணியோசையும் தரும் பாடங்கள் இந்த இடைவெளியை அழித்துவிடுகின்றன. திரையில் முதலில் எதுவும் தெரியாமல் எழுதவைத்து, பிறகு உள்ளங்கையால் கரி தேய்க்கச் செய்து, எழுத்து எழும்புவதைப் பிள்ளை தானே காணச் செய்தால், அதைவிட ஊடாட்டம் என்ற சொல்லுக்குப் பொருத்தமான காட்சி கிடைப்பது அரிது.

கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. ஓலையில் புள்ளி வைத்தால் துளை விழும் என்பதால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்றை ஒன்று ஒத்துத் தோன்றும். ஆகவே ஒரு நிலப்பத்திரத்தில் தோன்றும் ஒரு சொல் வயலைக் குறிக்கும் 'செறு'வா, சகதியைக் குறிக்கும் 'சேறா' என்பதை வரிவடிவம் சொல்லாது. முன்பின் சொற்களும் வாசிப்பவரின் உலக அறிவும்தான் சொல்லும். பள்ளிகளுக்கான எழுத்துப் பாடங்கள் பெரும்பாலும் சரி, தவறு என்னும் இரண்டு விடைகளுக்குள் அமைந்தவை. பச்சை நிறம், சிவப்பு நிறம், அவ்வளவே. ஓலை வாசிப்புக்கு மூன்றாவது விடை ஒன்று வேண்டும்: 'இரண்டும் இருக்கலாம், மேலே படித்துப் பார்.' இந்த மூன்றாவது விடையைத் திரை ஏற்றுக்கொள்ளுமானால், பிள்ளை எழுத்தோடு வாசிப்பையும் கற்கும். ஏற்காவிட்டால், வட்டெழுத்து வினாடிவினாவில் வரும் இன்னொரு படப்பட்டியலாகவே முடியும். இன்றைய பாடங்களின் மிகப் பெரிய குறை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

கேரளத்தின் பள்ளிகளுக்குக் கருவி இல்லை என்று சொல்லவே முடியாது. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறிய திட்டம், கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்குள் கணினியைக் கொண்டுசென்றது. 45,000 வகுப்பறைகள் மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் கொண்டவையாயின. தொடக்க வகுப்புகளின் கணினிப் பாடநூலுக்குக் களிப்பெட்டி, அதாவது விளையாட்டுப் பெட்டி, என்ற அழகான பெயரையும் வைத்தார்கள். அந்தப் பெட்டிக்குள் ஓலைக்கும் ஓர் இடம் கொடுக்க முடியும்.

கேரளத்துக்கு இதில் ஒரு கசப்பான பட்டறிவும் உண்டு. தட்டச்சுப் பொறிக்கும் அச்சுக்கோவைக்கும் வசதியாக 1971இல் மலையாள எழுத்து சீர்திருத்தப்பட்டபோது, மெய்யோடு ஒட்டி வளைந்திருந்த உகரக் குறிகள் பிரித்தெடுக்கப்பட்டன, கூட்டெழுத்துகள் பல உடைக்கப்பட்டன. தமிழில் 1978இல் நிகழ்ந்த சீர்திருத்தம் சில எழுத்துகளோடு நின்றதால் அதன் காயம் சிறியது. மலையாளத்தில் பிள்ளைகள் பாடநூலில் ஒரு வடிவத்தையும் பெற்றோரின் கையெழுத்தில் இன்னொரு வடிவத்தையும் கண்டு வளர்ந்தனர். கணினி அந்த வரம்பைத் தேவையற்றதாக்கிய பின், 1999இல் ரசன என்ற இயக்கம் பழைய கூட்டெழுத்துகள் முழுவதையும் கொண்ட எழுத்துருவை உருவாக்கிக் காட்டியது. அரசும் 2022இல் பழைய வடிவங்கள் சிலவற்றை மீட்கும் திசையில் திரும்பியது. பாடநூலில் அச்சிடப்படாமல் போயிருந்த எழுத்துமாலையும், அதாவது அகரவரிசையும், எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் எழுப்பிய குரலுக்குப் பின் அதே ஆண்டில் திரும்பி வந்தது. ஒரு பொறியின் வசதிக்காக எழுத்தை வெட்டியவர்கள் பொறி மாறியபின் அதைத் தேடி அலைய வேண்டியிருந்தது. இன்றைய திரையின் வசதிக்காக வட்டெழுத்தை எளிமையாக்கிக் கொடுக்க நினைப்பவர்கள் இந்த ஐம்பதாண்டு வரலாற்றைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

தொழில்நுட்ப அடித்தளத்தில் ஒரு பெரிய குழியும் இருக்கிறது. உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் கணினியில் நிலையான எண் வழங்கும் ஒருங்குறித் தரத்தில், அதாவது யூனிகோடில், ஜாவா எழுத்து 2009இலும் கிரந்தம் 2014இலும் இடம்பெற்றன. 2025இல் வெளியான 17ஆம் பதிப்பு வரை வட்டெழுத்துக்கு இடமில்லை. எண் இல்லாத எழுத்தைத் தட்டச்சு செய்ய முடியாது, தேட முடியாது, ஒரு பிள்ளை தன் பெயரை அந்த எழுத்தில் நண்பனுக்கு அனுப்ப முடியாது. அது படமாக மட்டுமே இருக்கும். ஜாவாவில் 2021இல் யோக்யகர்த்தாவில் கூடிய ஜாவா எழுத்து மாநாடு கணினியில் அந்த எழுத்தின் பயன்பாட்டைப் பற்றி விவாதிக்க முடிந்ததற்குக் காரணம், அவர்கள் எண்ணைப் பெற்றிருந்ததுதான். டெக்னோபார்க்கின் பொறியாளர்களும் காரியவட்டத்தின் சுவடியியலாரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யக்கூடிய பணி இதைவிட வேறென்ன!

அத்தனையும் அமைந்தாலும், பிள்ளை எதை வாசிப்பது என்ற கேள்வி எஞ்சும். பயன்பாடு இல்லாத எழுத்தைக் கற்பது கோலத்தை மனப்பாடம் செய்வது போன்றது. அதற்கு விடையாக ஒரே ஒரு செப்பேட்டைக் காட்டலாம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல், இன்று குமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சாலையை, அதாவது உணவும் உறைவிடமும் தந்து கற்பிக்கும் கல்விக்கூடத்தை, நிறுவினான். அங்கே 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், இடம்பெற வேண்டும் என்றும், வேதப் பிரிவுகளின்படி அவர்களில் 45 பேர், 36 பேர், 14 பேர் என யார் யாருக்கு எத்தனை இடம் என்றும், அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மீறினால் என்ன தண்டனை என்றும் அந்தச் செப்பேடு விரிவாகச் சொல்கிறது. விடுதி விதிகள்! ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய பள்ளியொன்றின் விதிகளை, அதே மண்ணின் பள்ளிப் பிள்ளை அந்தக் காலத்து எழுத்திலேயே எழுத்துக்கூட்டி வாசிக்கும் நாளில், வட்டெழுத்து எதற்கு என்ற கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள். அந்த இடங்கள் யாருக்கு இருந்தன, யாருக்கு இல்லை என்ற கேள்வியையும் அந்தப் பிள்ளை கேட்கட்டும். கேட்க வேண்டும். 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், வட்டெழுத்துக்குப் பக்கத்தில் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் வணிகர்கள் சாட்சிக் கையொப்பம் இட்டிருப்பதையும் அதே வகுப்பில் காட்டலாம்.

முதல் வகுப்புப் பிள்ளையின் தலையில் இன்னோர் எழுத்தைச் சுமத்த வேண்டியதில்லை. தாய்மொழியின் எழுத்து கையில் படிந்தபின், பத்து வயதை ஒட்டி, விளையாட்டும் மறைபொருள் தேடும் ஆவலும் மிகுந்திருக்கும் பருவத்தில், ஒரு பருவத்துக்குச் சில வகுப்புகள் போதும். கல்வெட்டுப் பயிற்சி வகுப்புகள் தமிழகத்தில் பெரியவர்களுக்காக ஆங்காங்கே நடந்துவருகின்றன. அவற்றில் வந்து அமர்பவர்களின் முகத்தில் முதல் சொல்லைத் தாமே வாசித்த நொடியில் தோன்றும் வியப்பு, பத்து வயதில் தோன்றியிருக்க வேண்டியது.

டெக்னோபார்க்கில் பணிபுரியும் தமிழர்கள் பலர். அவர்கள் ஒரு நாள் காரியவட்டத்துச் சுவடி நூலகத்துக்குச் சென்று, ஓர் ஓலையை, அனுமதி பெற்று, இரண்டு கைகளாலும் ஏந்திப் பார்க்க வேண்டும். எழுதப்போகும் பாடத்தின் முதல் வரி அந்த இடக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.